கார்பன் சீட் போஸ்ட், ஹேண்டில்பார் மாட்டினேன்: சீட் இறங்குகிறது, ஹேண்டில் சத்தம் போடுகிறது

எதிர்காற்று
வணக்கம். பைக் நான்கு வருடப் பழையது. அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க், எடை 9.1 கிலோ. நல்ல வீல் வாங்கக் காசில்லை என்பதால் இந்த முறை ஹேண்டில்பாரையும், சீட்டைத் தாங்கும் தண்டான சீட் போஸ்ட்டையும் கார்பனுக்கு மாற்றினேன். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்த கணக்கு: பழைய ஹேண்டில்பார் 312 கிராம், புதியது 206. பழைய சீட் போஸ்ட் 288, புதியது (27.2 மி.மீ. விட்டம்) 196. ஆக 198 கிராம் மிச்சம்.

சனிக்கிழமை நானே உட்கார்ந்து மாட்டினேன். ஞாயிறு காலை ஈசிஆரில் மகாபலிபுரம் வரை போனேன். கோவளம் தாண்டியதுமே முட்டி என்னவோ சரியில்லை. மகாபலிபுரத்தில் டீ குடிக்க நிறுத்திப் பார்த்தால் சீட் ஒரு விரல் அகலம் கீழே இறங்கியிருக்கிறது. மல்டி டூலால் இறுக்கினேன். வீடு வருவதற்குள் மறுபடி இறங்கிவிட்டது. போதாததற்கு, எழுந்து நின்று மிதித்தால் ஹேண்டில் பக்கம் டிக் டிக் என்று சத்தம்.

சீட் கிளாம்பில் அதிகபட்சம் 5 நியூட்டன் மீட்டர் என்று பொறித்திருக்கிறது. என்னிடம் டார்க் ரெஞ்ச் (வைத்த அளவு இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும் கருவி) இல்லை. இன்னும் இறுக்கலாமா? உடைந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

பழைய பங்ச்சர்
இறுக்க வேண்டாம் தம்பி. இரண்டு கேள்வி. போஸ்ட்டை உள்ளே விடும்போது என்ன தடவினீர்கள்? போஸ்ட் 27.2 மி.மீ. என்று வாங்கினீர்களே, ஃபிரேமும் 27.2 தானா? பழைய போஸ்ட்டின் அடியில் அளவு பொறித்திருக்கும், பாருங்கள்.

எதிர்காற்று
பழையதிலும் 27.2 என்றுதான் இருக்கிறது அண்ணா. தடவியது கிரீஸ். முன்பு சர்வீஸ் செய்யும்போதெல்லாம் கிரீஸ் போட்டுத்தானே மாட்டுவார்கள்?

பழைய பங்ச்சர்
நினைத்தேன். அது அலுமினிய போஸ்ட். அலுமினிய ஃபிரேமிலோ இரும்பு ஃபிரேமிலோ அது பிடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் கிரீஸ். கார்பன் போஸ்ட்டுக்கு கிரீஸ் ஆகாது. வழுக்குமரத்துக்கு எண்ணெய் தடவிவிட்டு ஏன் வழுக்குகிறது என்று கேட்கிற கதைதான்.

கார்பனுக்கென்று ஒரு பேஸ்ட் விற்கிறார்கள். கடையில் 'கார்பன் பேஸ்ட்' என்றோ 'கிரிப் பேஸ்ட்' என்றோ கேளுங்கள். விரலில் எடுத்துத் தேய்த்தால் பல்பொடியில் மணல் கலந்தது போல நறநறக்கும். அந்தப் பொடிமணிகள் போஸ்ட்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பிடிமானம் கொடுக்கும். அதனால் குறைவான இறுக்கத்திலேயே போஸ்ட் நிற்கும். ஐந்து கிராம் பொட்டலம் ஒன்று வாங்கினால் போஸ்ட், ஹேண்டில்பார் இரண்டுக்கும் தாராளம்.

முதலில் கிரீஸை முழுக்க எடுக்க வேண்டும். போஸ்ட்டைத் துடைப்பது சுலபம். ஃபிரேமின் உள்ளே இருப்பதுதான் தொல்லை. ஒரு குச்சியில் துணியைச் சுற்றி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்து உள்ளே விட்டுத் திருகுங்கள். துணி கறுப்பாக வருவது நிற்கும் வரை நான்கைந்து தடவை. கிளாம்பின் உட்பக்கமும் துடைக்கணும். ஆனால் கிளாம்ப் போல்ட்டின் மரையில் ஒரு பொட்டு கிரீஸ் இருக்கட்டும், அங்கே அது வேண்டும்.

ஏற்காடு ஏறி
198 கிராமுக்கா இத்தனை பாடு? கணக்குப் போடுவோம். 0.2 கிலோவை 1000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறக்குறைய 1960 ஜூல் வேண்டும். நீங்கள் 200 வாட்டில் மிதிக்கிறீர்கள் என்றால் பத்து விநாடிக்கும் குறைவு. ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்த பிறகு பத்து, பன்னிரண்டு விநாடி மிச்சம். மேலே போய்ப் பஜ்ஜிக்கு நிற்கிற வரிசையில் அது போய்விடும்.

நிரப்பிய 750 மில்லி பாட்டில் ஒன்றின் தண்ணீர் மட்டும் 750 கிராம். இரண்டாவது பாட்டிலைப் பாதி நிரப்பி எடுத்துப் போயிருந்தால் காசே ஆகியிருக்காது.

எடைதான் முக்கியம் என்றால் ட்யூபை மாற்றியிருக்கலாம். சாதாரண பியூட்டைல் ரப்பர் ட்யூப் ஒன்று 100 கிராமுக்கு மேல். டிபியூ என்ற பிளாஸ்டிக் ட்யூப் 40 கிராமுக்குள். இரண்டு வீலுக்கும் சேர்த்து 130 கிராம் வரை குறையும், செலவோ ஹேண்டில்பார் விலையில் ஒரு ஓரம். உடைந்து முகத்தில் அடிக்குமோ என்ற பயமும் கிடையாது.

காலை நாலு மணி
கணக்கு சரிதான் சார். ஆனால் எல்லாரும் விநாடிக்காகவே மாற்றுவதில்லை. நான் 200, 300 கிலோமீட்டர் பிரெவே, அதாவது கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம், ஓட்டுகிறவள். 200-க்குப் பதின்மூன்றரை மணி நேரம் கெடு. அந்த நேரம் முழுக்க ரோட்டின் ஒவ்வொரு அதிர்வும் உள்ளங்கையிலும் உட்காரும் இடத்திலும்தான் வந்து சேரும். 27.2 கார்பன் போஸ்ட் கொஞ்சம் பின்பக்கம் வளைந்து கொடுக்கும். ஃபிரேமுக்கு வெளியே எவ்வளவு நீளம் தெரிகிறதோ அவ்வளவு வளையும். என் பைக்கில் பெரிய வித்தியாசம் தெரிந்தது போஸ்ட்டில்தான். ஹேண்டில்பாரில் பாதிதான். ஹேண்டில்பாரில் சுற்றும் நல்ல தடிமனான பார் டேப்பும் டயரில் கொஞ்சம் காற்றைக் குறைப்பதும் அந்த வேலையைச் செய்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எதிர்காற்று, உங்களிடம் ஒன்று கேட்கணும். எடை பார்த்தீர்கள், வடிவம் பார்த்தீர்களா? முட்டி வலிக்கு சீட் இறங்கியது காரணமாக இருக்கலாம். ஆனால் ஹேண்டில்பாரின் 'ரீச்', அதாவது ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) பிடிக்கும் இடத்திலிருந்து பார் முன்னால் நீளும் தூரம், பழையதில் 70 ஆகவும் புதியதில் 80 ஆகவும் இருந்தால் ஸ்டெம்மை ஒரு சென்டிமீட்டர் நீட்டியதற்குச் சமம். நீங்கள் முன்னால் இழுபடுவீர்கள். அகலமும் அப்படித்தான். ஒரு கம்பெனி நடுவிலிருந்து நடு அளந்து 42 செ.மீ. என்று போடும், இன்னொன்று வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு. இரண்டும் 42, ஆனால் ஒரே 42 இல்லை. கடைக்குப் போனால் யாரைப் பார்த்தாலும் 42, 44 என்றுதான் எடுத்து நீட்டுவார்கள். என் தோளுக்கு 38 என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் ஆனது.

எதிர்காற்று
ஐயோ, அதைப் பார்க்கவே இல்லை. இப்போது அளந்தேன். ரீச் 75, பழையது 80. நல்லவேளை, குறைந்துதான் இருக்கிறது.

லேத் பட்டறை
கோவையிலிருந்து. டார்க் ரெஞ்ச் இல்லை என்றால் ஒரு வழி சொல்கிறேன். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு வீட்டில் இருக்கிறதா? டிஜிட்டல் தராசு, முந்நூறு ரூபாய் சரக்கு.

நியூட்டன் மீட்டர் என்பது விசையை நீளத்தால் பெருக்குவதுதான். நீளமான ஆலன் கீயை போல்ட்டில் மாட்டுங்கள். போல்ட்டின் மையத்திலிருந்து சரியாக 10 செ.மீ. தள்ளி ஆலன் கீயில் மார்க்கரால் ஒரு கோடு. அந்தக் கோட்டில் தராசின் கொக்கியை மாட்டி, ஆலன் கீக்குச் செங்குத்தாக மெல்ல இழுங்கள். தராசு 5.1 கிலோ காட்டும்போது 5 நியூட்டன் மீட்டர். 4 வேண்டுமென்றால் 4.1 கிலோ. கோணம் சாய்ந்தால் கணக்குத் தப்பும். கொக்கி நழுவினாலும் தப்பும், அதனால் கோட்டில் இரண்டு சுற்று நூல் கட்டிக்கொள்ளுங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது.

நம் பட்டறையில் ஒரு நாள் மூன்று பேரைக் கூப்பிட்டு, 'ஐந்து வரைக்கும் இறுக்குங்கள்' என்று கையில் ஆலன் கீயைக் கொடுத்தேன். அப்புறம் அளந்தால் ஒருவர் 3-க்குக் கொஞ்சம் மேல், ஒருவர் 7, இன்னொருவர் 9. மூவரும் இருபது வருட அனுபவம். 9 வைத்தவர்தான் 'கையே சொல்லும்' என்று அதிகம் பேசியவர்.

ரெஞ்ச் வாங்குவதாக இருந்தால் 2 முதல் 20 நியூட்டன் மீட்டர் வரை உள்ளதை வாங்குங்கள். கார் கேரேஜில் இருப்பது 20-இலிருந்துதான் ஆரம்பிக்கும். பக்கத்து கேரேஜில் கடன் வாங்கி வந்து, 'கிளிக்' கேட்கும் என்று காத்துக்கொண்டே போல்ட்டைத் துண்டித்தவர்கள் உண்டு.

பழைய பங்ச்சர்
தராசு யோசனை அருமை. இனி ஹேண்டில் சத்தத்துக்கு வருவோம்.

முதலில் ஸ்டெம்மின் முன் பக்கம் இருக்கும் ஃபேஸ் பிளேட்டைப் பாருங்கள். நான்கு போல்ட். மேலே உள்ள இடைவெளியும் கீழே உள்ள இடைவெளியும் சமமா? ஒரு கடன் அட்டையை இடைவெளியில் விட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெரும்பாலான ஸ்டெம்களில் சமமாக இருக்க வேண்டும். மேல் இடது, கீழ் வலது, மேல் வலது, கீழ் இடது என்று குறுக்காக, ஒவ்வொன்றையும் கால் திருகு, அரைத் திருகாக ஏற்றி வரணும். ஒரு போல்ட்டை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் பார் ஒரு விளிம்பில் நசுங்கும். சில ஸ்டெம்களில் மட்டும் மேல் இரண்டையும் முதலில் இடைவெளியே இல்லாமல் மூடச் சொல்வார்கள். அது கையேட்டில் இருக்கும்.

இரண்டாவது, ஸ்டெம்மின் உள் விளிம்பு. மாட்டும் முன் விரலால் தடவிப் பார்க்கணும். பிசிறு இருந்தால் அது கார்பனில் கத்தி. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

மூன்றாவது, எண்கள் ஒத்துப்போகாது. பிரேக் லீவர் கையேட்டில் 6 முதல் 8 என்று இருக்கும். பாரில் அதே இடத்தில் 5 என்று இருக்கும். எது குறைவோ அதுதான் சட்டம். நான் லீவரை இன்னும் கொஞ்சம் குறைவாகத்தான் வைப்பேன். வண்டி ஓட்டும்போது அசையக் கூடாது, விழுந்தால் லீவர் திரும்பிக்கொடுக்கணும், பாரை உடைக்கக் கூடாது.

கார்பன் இழுப்பைத் தாங்கும், இழை நீளவாக்கில் அது இரும்பையே பார்த்துச் சிரிக்கும். குறுக்கே நசுக்குவதுதான் ஆகாது. அலுமினியம் நசுங்கினால் பள்ளம் தெரியும். கார்பன் உள்ளே விரிசல் விட்டு வெளியே பளபளவென்று இருக்கும்.

எதிர்காற்று
அண்ணா, இப்படிச் சொன்னால் ஓட்டவே பயமாக இருக்கிறது. தொழில்முறை வீரர்கள் எல்லாரும் இதில்தானே ஓட்டுகிறார்கள்?

காலை நாலு மணி
அவர்களுக்கும் உடையும். 2021 மார்ச்சில் பெல்ஜியத்தில் லே சாமின் போட்டியில் மாத்யூ வான் டெர் பூலின் ஹேண்டில்பார் பாதியில் முறிந்து, லீவர் கேபிளில் தொங்கியபடி வந்தது. விழாமல் ஓட்டினார், அது அவர் கை. பைக் தயாரித்த கேன்யன் கம்பெனி அந்த ஹேண்டில்பார் உள்ள மாடல்களை ஓட்ட வேண்டாம் என்று வாடிக்கையாளர்களுக்கே அறிவித்தது. முறிந்த இடம் லீவர் கிளாம்ப் பிடிக்கும் இடம். பழைய பங்ச்சர் அண்ணா சொன்ன அதே இடம்.

அவர்கள் போட்டியில் பைக் எடைக்குக் கீழ் வரம்பே இருக்கிறது, 2000-இலிருந்து 6.8 கிலோ. அதாவது அவர்களே ஒரு அளவுக்கு மேல் குறைக்க முடியாது. நூறு கிராம் போஸ்ட் என்று விற்பதெல்லாம் பெரும்பாலும் மலையேற்றப் பைத்தியங்களுக்கு. அதில் ஓட்டுபவர் எடை இத்தனைக்குள் என்று சிறு எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மழைக்கு முன்
என் கதையையும் சொல்கிறேன். கடை பெயர் வேண்டாம். கார்பன் பார் மாட்ட ஒரு கடையில் கொடுத்தேன். அங்கே இருந்த பையன் பேட்டரி டிரில்லில் பிட் மாட்டி, 'டுர்ர்ர்' என்று நான்கு போல்ட்டையும் ஏற்றினான். நான் வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. சரி, தினமும் மாட்டுகிறவர்கள், தெரியாமலா செய்வார்கள் என்று பேசாமல் வந்துவிட்டேன்.

எட்டு மாதம் ஒன்றும் இல்லை. அப்புறம் பார் டேப் நைந்துபோய் மாற்ற உட்கார்ந்தேன். ஸ்டெம்மை ஒட்டி வார்னிஷில் தலைமுடி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தால் கீறினேன், நகம் மாட்டியது. ஐந்து ரூபாய் நாணயத்தால் பார் நீளத்துக்கும் தட்டிக்கொண்டே வந்தேன். எல்லா இடத்திலும் டிக் டிக் என்று கூர்மையாகக் கேட்டது. கோட்டுக்குப் பக்கத்தில் மட்டும் டொப் என்று, ஈரப் பலகையில் தட்டினாற்போல. ஃபேஸ் பிளேட்டைக் கழற்றினால் கோடு பாதி சுற்று ஓடியிருக்கிறது. முந்தின ஞாயிறுதான் அதே பைக்கில் கல்லட்டி மலைப்பாதையில் இறங்கியிருந்தேன். முப்பத்தாறு வளைவு. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பாரை அறுத்து இரண்டாக்கித்தான் குப்பையில் போட்டேன். முழுதாகப் போட்டால் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.

ஏற்காடு ஏறி
இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். நல்ல அலுமினிய பார் 250 கிராமுக்குக் கிடைக்கிறது. வித்தியாசம் 50 கிராம்.

பழைய பங்ச்சர்
நீங்கள் சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். பாருக்கு அலுமினியம், போஸ்ட்டுக்குக் கார்பன், இதுதான் என் பைக்கிலும். ஆனால் அலுமினியம் சாகாவரம் பெற்றது இல்லை. அதுவும் களைத்துப் போகும், அதுவும் விழுந்தால் மாற்றத்தான் வேண்டும். 2006 பாரி-ரூபே போட்டியில் ஹின்கேப்பியின் ஃபோர்க் தண்டு முறிந்து ஹேண்டில் கையோடு வந்தது. அது அலுமினியத் தண்டு. அதற்கு முன் அன்றே ஒருமுறை விழுந்திருந்தார்.

லேத் பட்டறை
ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. எதிர்காற்று அலுமினிய ஃபிரேமில் கார்பன் போஸ்ட் விட்டிருக்கிறார், ஓட்டுவது ஈசிஆரில். உப்புக் காற்று, வியர்வை. கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு நடுவில் உப்புத் தண்ணீர் இருந்தால் அது ஒரு பேட்டரி. அரிக்கப்படுவது அலுமினியம். அரித்தது வெள்ளைப் பொடியாகி, இடத்தை அடைத்துக்கொண்டு, போஸ்ட்டைக் கல் மாதிரி பிடித்துவிடும். என்னிடம் அப்படி ஒன்று வந்தது. மூன்று வருடம் கழற்றாத போஸ்ட். எண்ணெய் ஊற்றி ஒரு நாள் ஊறவைத்தோம், போஸ்ட்டின் தலையை வைஸில் பிடித்து ஃபிரேமையே திருகினோம், அசையவில்லை. கடைசியில் போஸ்ட்டை அறுத்து உள்ளிருந்து சுரண்டி எடுக்க ஒன்றரை நாள். கூலி வாங்க எனக்கே மனம் வரவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து, புது பேஸ்ட் தடவி மாட்டுங்கள். மழையில் ஓட்டினால் வந்ததும் போஸ்ட்டை எடுத்துவிட்டு பைக்கைத் தலைகீழாக நிறுத்துங்கள், உள்ளே போன தண்ணீர் வடியும். கழற்றும் முன் போஸ்ட்டில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டிவிட்டால் உயரம் மாறாது.

எதிர்காற்று
குறித்துக்கொண்டேன். போஸ்ட் நீளம் 350, எனக்கு அவ்வளவு தேவையில்லை. கீழே 60 மி.மீ. அறுத்தால் இன்னும் கொஞ்சம் எடை குறையுமே?

லேத் பட்டறை
இருபது கிராம் குறையும். அறுத்தால் அதில் போட்டிருக்கும் குறைந்தபட்சக் கோடு (போஸ்ட் ஃபிரேமுக்குள் எதுவரை இறங்கியே ஆகணும் என்று காட்டுவது) அர்த்தமில்லாமல் போய்விடும், நாளைக்கு வாங்குபவருக்குத் தெரியாது. ஃபிரேமின் மேல் குழாய் வந்து சேரும் இடத்துக்கும் கீழே போஸ்ட் இறங்கியிருக்கணும். அறுப்பதென்றால் டேப் சுற்றி, மெல்லிய பல் பிளேடால், தண்ணீர் தெளித்துக்கொண்டே அறுங்கள். மாஸ்க் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முனையில் சூப்பர் க்ளூ பூசிவிடுங்கள். நானாக இருந்தால் அறுக்க மாட்டேன்.

மழைக்கு முன்
புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய பிராண்டின் பெயர் போட்டு நான்கில் ஒரு பங்கு விலையில் ஆன்லைனில் கிடக்கும் பார்கள் அந்த பிராண்ட் இல்லை. பெயிண்ட் மட்டும்தான் அது. பெயர் தெரியாத கம்பெனியின் நேர்மையான சரக்குகூடத் தேவலாம், திருட்டுப் பெயர் ஒட்டியது வேண்டவே வேண்டாம்.

எதிர்காற்று
ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன்.

கிரீஸ் எடுக்க ஆறு துணி ஆனது. பேஸ்ட் தடவி, கொக்கித் தராசு வைத்து 5.1 கிலோ இழுத்து இறுக்கினேன். அப்பா ஃபிரேமைப் பிடித்துக்கொண்டார், 'சைக்கிளையா எடை போடுகிறாய்' என்று கேட்டார். போஸ்ட்டில் கறுப்பு டேப் ஒட்டிவிட்டு நேற்று மறுபடி மகாபலிபுரம் போய் வந்தேன். டேப் கிளாம்ப்பின் வாயிலேயே நிற்கிறது. ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. முட்டியும் பேசவில்லை.

சத்தம்தான் ஆளை அலைக்கழித்துவிட்டது. ஃபேஸ் பிளேட்டில் மேலே இடைவெளி 2 மி.மீ., கீழே 4. கழற்றி, பேஸ்ட் தடவி, குறுக்காக ஏற்றிச் சமமாக்கினேன். சத்தம் போகவில்லை. லீவரைப் பார்த்தேன், சீட்டின் கம்பி பிடிக்கும் போல்ட்டைப் பார்த்தேன், பாட்டில் கூண்டைக்கூடக் கழற்றிவிட்டு ஓட்டினேன். அப்படியே இருந்தது. கடைசியில் வீட்டு வாசலில் நின்று முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை இடமும் வலமும் சாய்த்தேன். கேபிள் ஹவுசிங், அதாவது கேபிளின் உறை, பழைய பாருக்கு வெட்டிய நீளம். புது பாரின் ரீச் குறைந்ததால் ஒரு வளையம் மாதிரி பிதுங்கி ஃபிரேமின் முன் குழாயான ஹெட் ட்யூப்பில் போய் முட்டுகிறது. அதுதான் டிக் டிக். இரண்டு சென்டிமீட்டர் வெட்டியதும் அடங்கிவிட்டது.

இன்னொன்று. காலை நாலு மணி அக்கா சொன்னதற்காகத் தடித்த பார் டேப் போட்டேன். பழையது 52 கிராம், இது 84. ஆக மிச்சம் 166 கிராம்.

ஏற்காடு ஏறி
எட்டு விநாடி.

பழைய பங்ச்சர்
நல்லது. ஃபேஸ் பிளேட் போல்ட்டை நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஒருமுறை தராசு வைத்துப் பாருங்கள், புதிதாக மாட்டியதில் கொஞ்சம் தளரும். சனிக்கிழமை திருவான்மியூர் பக்கம் வருவேன், வேண்டுமானால் என் ரெஞ்ச்சைக் கொண்டு வருகிறேன்.

எதிர்காற்று
கொண்டு வாங்க அண்ணா. தராசு எவ்வளவு பொய் சொல்லியிருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

எதிர்காற்று
பார்த்தாயிற்று. சீட் கிளாம்ப் போல்ட்டில் ரெஞ்ச்சை 5-இல் வைத்ததும் திருகாமலே கிளிக். ஸ்டெம்மில் மூன்று போல்ட்டும் அப்படியே. கீழ் இடது மட்டும் கால் திருகு ஏறியது. அங்கேதான் கேபிள் குறுக்கே வந்து தராசைச் சாய்த்துப் பிடித்திருந்தேன்.